ஆவணியில் கடைக்கால் போடவிருப்பவர்களுக்கு

திருவண்ணாமலை நகரத்திலும், வேங்கிக்கால், அடி அண்ணாமலை, அத்தியந்தல், நல்லவன்பாளையம் என்று மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மனை வாங்கிப் போட்டுவிட்டு, ஆடி கழியட்டும் என்று காத்திருக்கும் எல்லோருக்கும் இந்தக் கடிதம்.

பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஆடி 11 வாஸ்து நாள் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் ஆடியில் மண்வெட்டியைத் தொட விடமாட்டார்கள். ஆவணி பிறக்கட்டும் என்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், இந்த ஒரு மாதத்தால் உங்களுக்கு லாபம்தான். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைத்துவிடுகிறது. அலுவலகத்துக்கு நடையாய் நடந்த காலத்திலாவது காத்திருக்கும் நேரத்தில் பிளானைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்போம். இப்போது அதற்கும் வழியில்லை. ஆகவே ஆடி இருக்கும்போதே பிளானைத் தரையில் விரித்து, கையில் ஒரு பென்சிலோடு இதைப் படியுங்கள். நான் கேட்பது இரண்டு. தெருப்பக்கம் நிழலோடு ஒரு திண்ணை. மேலே, தகரம் போட்டு மூடாத, வீட்டார் ஏறி உட்காரக்கூடிய மொட்டை மாடி.

அக்னி நட்சத்திரம் மே கடைசியில் முடிந்ததும் கோடை ஓய்ந்ததாகத் தொலைக்காட்சியில் சொல்லிவிடுவார்கள். இந்த ஊரில் ஒரு வருடம் இருந்தவருக்குக்கூடத் தெரியும், ஆனியிலும் ஆடியிலும் பகல் வெயில் ஒன்றும் பெரிதாக இளைத்துவிடுவதில்லை. மாறுவது சாயங்காலம். மேல்காற்று கிளம்புகிறது. பகலெல்லாம் புழுங்கிய வானம் சில நாட்களில் திடீரென்று கறுத்து, இடித்து, அரை மணி நேரம் கொட்டிவிட்டுப் போகிறது. சித்திரையில் வெளியே உட்கார முடியாது. ஐப்பசியில் மழை விடாது. மார்கழியில் பனி. வீட்டுக்கு வெளியே சுகமாக உட்கார இந்த ஊர் நமக்குக் கொடுப்பது பெரும்பாலும் முதுவேனிலின் மாலைகளையும் இரவுகளையும்தான்.

அதிலும் ஊரின் கிழக்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு சலுகை உண்டு. பெரிய கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. மலையோ 2,669 அடி. அதனால் இங்கே சூரியன் அடிவானம் வரைக்கும் இறங்குவதே இல்லை, அதற்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. நிழல் முதலில் பேகோபுரத் தெருவுக்கு வரும். அப்புறம் மாடவீதி, தேரடி வீதி என்று கிழக்கே நகர்ந்துகொண்டே போகும். வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும், தலையில் வெயில் இருக்காது. கடற்கரை ஊர்க்காரருக்கும் இப்படி ஒரு நேரம் வாய்ப்பதில்லை. அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஏசி ரிமோட்டைத் தேடுகிறோம்.

மொட்டை மாடிக்கு ஏறுங்கள். குடத்துத் தண்ணீரை முதல் தரம் தெளிக்கும்போது தளம் சுர்ரென்று குடித்துவிட்டு அனலைத்தான் மேலே அனுப்பும். இரண்டாவது குடத்துக்குக் கொஞ்சம் அடங்கும். அரை மணி கழித்துக் கோரைப்பாயை விரித்தால் முதுகு பொறுக்கும். வேகவைத்த மல்லாட்டை ஒரு சட்டி, தோல் போட ஒரு முறம். பருவத்தின் கடைசி மாம்பழமான நீலம். உப்புப் போட்டுக் குலுக்கிய நாவல்பழம், அதைத் தின்றுவிட்டு யார் நாக்கு அதிக ஊதா என்று நீட்டிக் காட்டும் பிள்ளைகள். பக்கத்து மாடியிலிருந்து கைப்பிடிச் சுவருக்கு மேலே தலை நீட்டி விசாரிக்கும் அக்கா. இருட்ட இருட்ட 217 அடி ராஜகோபுரத்தில் விளக்கு எரியும். பௌர்ணமியானால் கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல் எல்லாத் தெருவிலிருந்தும் ஒன்றாகச் சேர்ந்து மேலே வரும். கீழே நடக்கும்போது எரிச்சலூட்டும் அதே இரைச்சல், மாடியில் படுத்துக் கேட்டால் தாலாட்டுகிறது. எனக்கு அப்படித்தான். உங்களுக்கு எப்படியோ.

இதை வெறும் சுகம் என்று தள்ளிவிடாதீர்கள், இதற்குக் கணக்கும் இருக்கிறது. நீங்கள் போடப்போகும் ஐந்து அங்குல கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு கோடை உச்சி வெயிலில் 60 டிகிரி வரைகூடப் போகும். அந்தச் சூடு உடனே கீழே வராது. மெதுவாக ஊறி, மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் அறைக்குள் இறங்கும். அதனால்தான் வெளியே காற்று குளிரத் தொடங்கும் ஏழு, எட்டு மணிக்கு உங்கள் படுக்கையறை நாளின் மோசமான நிலையில் இருக்கிறது. அந்த நேரத்துக்கு அறையை விட்டு வெளியே வந்துவிடுவதுதான் பழைய ஏற்பாடு. பகலில் கூடம், மாலையில் திண்ணை, இரவில் மாடி என்று வீட்டுக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் குத்துவாக்கில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லி போட்டு, கடைசியில் தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரையின் கீழே இருந்தவர்களே இப்படி மாறினார்கள். அவ்வளவு கனமான கூரை இல்லாத நாம் ஒரே அறையில் அடைந்து கிடக்கிறோம். தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. கரண்டு போகிற ராத்திரியில் ஏசி எதற்கு ஆகும்?

வெளியே உட்கார்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. சாமியே வருகிறார். சித்திரை வசந்த உற்சவத்தில் அண்ணாமலையார் இரவில் தல விருட்சமான மகிழ மரத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார். அக்னி நட்சத்திர நாட்களில் மூலவருக்கு மேலே தாரா பாத்திரம் கட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வைக்கிறார்கள். அக்னித் தலத்து லிங்கத்துக்கே குளிர்ச்சி தேவைப்படுகிறது என்று நம் முன்னோர் நினைத்ததில் எனக்கு ஒரு பிரியம் உண்டு.

ரமணர் 1899 முதல் 1916 வரை மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்தார். ஆனால் வருடம் முழுக்க அல்ல. கோடையில் அந்தக் குகை கொதிக்கும், தண்ணீரும் கிடைக்காது. ஆகவே முலைப்பால் தீர்த்தத்துக்குப் பக்கத்தில் மாமர நிழலிலிருக்கும் குகைக்கு இறங்கிவந்துவிடுவார். உலகத்தைத் துறந்தவரும் வெயிலுக்கு ஏற்ப இடம் மாற்றினார் என்பதை ஆன்மிகப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. வீடு கட்டுகிறவர்கள் அங்கே கொஞ்சம் நிற்கலாம். பின்னாளில், 1946-இல், அவர் இந்த ஊருக்கு வந்த பொன்விழாவுக்காக ஆசிரமத்தின் பழைய ஹாலை ஒட்டிக் கீற்றுப் பந்தல் போட்டார்கள். வந்த கூட்டத்துக்கு நடுவே அந்தப் பந்தலுக்குக் கீழேதான் அவர் உட்கார்ந்தார்.

விசிறி சாமியார் யோகி ராம்சுரத்குமாரின் கதை இன்னும் நேராகத் திண்ணைக்கே வருகிறது. 1959-இல் வந்தவர் பல வருடங்கள் ரயில் நிலையத்துப் புன்னை மரத்தடி, தேர் நிற்கும் இடம், கோயில் எதிரே பாத்திரக்கடை வாசல் என்று கையில் பனையோலை விசிறியோடு வெளியிலேயே கிடந்தார். அப்புறம் அன்பர்கள் சன்னதித் தெருவில் வீடு எடுத்துக் கொடுத்தார்கள். அங்கும் வந்தவர்களைப் பெரும்பாலும் வராந்தாவில் வைத்துத்தான் பார்த்தார். அந்தக் கடை வாசல்களிலெல்லாம் அன்றைக்கே ஷட்டரும் கிரில்லும் இருந்திருந்தால் அவர் எங்கே படுத்திருப்பார்? தீபத்துக்கு நடந்து வந்த ஆயிரமாயிரம் பேர் எங்கே கண்ணயர்ந்திருப்பார்கள்?

திண்ணையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒன்றை விட்டுவிடுவார்கள். எல்லாத் திண்ணையும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. யார் ஏறி உட்காரலாம், யார் தெருவில் நின்றே பேச வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஆண்கள் திண்ணையில் கால் நீட்டியபோது வீட்டுப் பெண்கள் பின்கட்டில் வெந்துகொண்டிருந்தார்கள். மாலை வெளிக்காற்று அவர்களுக்குக் கிடைத்தது முற்றத்திலும் மாடியிலும்தான், அதுவும் பாத்திரம் கழுவி முடித்த பிறகு. நான் உங்களைக் கட்டச் சொல்வது அந்தப் பழைய சட்டதிட்டத்தோடு வரும் திண்ணையை அல்ல. கூரியர் கொண்டுவரும் பையனும், கீரை விற்கும் அம்மாவும், கிரிவலத்தில் கால் சுளுக்கிய யாரோ ஒருவரும் பத்து நிமிடம் உட்காரலாம் என்கிற திண்ணை. உங்கள் வீட்டுப் பெண்களும் மாலை ஆறு மணிக்கு அதே திண்ணையில் காலாட்டிக்கொண்டு பேசட்டும்.

நீங்கள் சொல்லப்போகும் ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். குரங்கு. உண்மைதான், இந்த ஊரில் குரங்கை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிப் பேச முடியாது. மாடியில் காயும் கூழ் வடகத்துக்கு நாம் சொந்தக்காரர்களா, அவை சொந்தக்காரர்களா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனால் குரங்கு திண்ணையில் உட்கார வருவதில்லை, சமையலறைக்கு வருகிறது. கிரில்லை ஜன்னல்களுக்குப் போடுங்கள், மாடிப்படியின் தலைக்கு நல்ல கதவு வையுங்கள். திண்ணையைக் கூண்டுக்குள் வைத்து ‘சிட் அவுட்’ என்று பெயரிட்டால் அதில் செருப்பு ஸ்டாண்டும் தண்ணீர் கேனும் மட்டும்தான் உட்காரும். நம் தெருக்களில் பத்து வீட்டைப் பாருங்கள், ஒன்பதில் அதுதான் நிலை.

குடித்துவிட்டு யாராவது வந்து படுத்துக்கொண்டால்? படுப்பார்கள், சில பௌர்ணமிகளில். எழுப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து வருடத்தின் மீதி நாட்களையும் பூட்டி வைப்பது கட்டுப்படியாகாத வியாபாரம். வாசலையும் ஓர் அறையாக்கி யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறை எடுத்துத் தங்குகிறவர்கள் சாயங்காலமானால் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே உட்கார இடம் தேடுகிறார்கள். அது இல்லாததால் தெருவோரத்தில் நிறுத்திய பைக் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

திண்ணை இனி நடக்காத காரியம் என்பவர்கள் ஒரு முறை புதுச்சேரிக்குப் போய்வாருங்கள், பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான். தமிழர் பகுதியில் வைசியாள் தெரு என்று பழைய பெயரால் அறியப்படும் காளவே சுப்பராயச் செட்டித் தெருவில் ஓட்டுக்கூரை இறக்கிய தெருத் தாழ்வாரங்களையும் அவற்றுக்குப் பின்னாலுள்ள திண்ணைகளையும் இன்டாக் அமைப்பினர் வீட்டுக்காரர்களோடு சேர்ந்து மீட்டெடுத்தார்கள். அந்தத் தெருவுக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அங்கே தாழ்வாரம் வழிப்போக்கரின் நிழலுக்கு, திண்ணை உட்கார்ந்து பேச. வீட்டுக்காரரின் காசில் தெருவுக்கு நிழல். மதியம் இரண்டு மணிக்கு ஒரு பக்கத்துத் தாழ்வாரத்தில் நடந்து பார்த்துவிட்டு, பிறகு தாழ்வாரம் இல்லாத அடுத்த தெருவில் நடங்கள். நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வந்து இங்கே மனை வாங்கியிருக்கும் அன்பர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. உங்கள் ஊர் வீட்டு வாசலில் தாத்தா உட்கார்ந்திருந்த அருகுதான் எங்கள் திண்ணை. மலையைப் பார்த்தபடி வாழ வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்துவிட்டு, மலையைப் பார்க்க ஓர் இருக்கைகூட இல்லாத வீட்டைக் கட்டாதீர்கள். மலை நன்றாகத் தெரிய வேண்டும் என்று சரிவில் ஏறியும் கட்டாதீர்கள். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போனதை ஊர் மறக்கவில்லை. சமதளத்தில், ஒரு மாடி உயரத்திலிருந்தே இந்த மலை போதுமான அளவு தெரியும்.

இனி பென்சிலை எடுங்கள்.

முதலில் உங்கள் மனை மலைக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். கிழக்கே, ஊருக்குள் இருப்பவர்களுக்கு மாலை நிழல் இலவசம், மாடியில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அடி அண்ணாமலை, அத்தியந்தல் பக்கம் மேற்கு வெயில் கடைசிவரை அடிக்கும், மேல்காற்றும் தடையில்லாமல் புழுதியோடு வரும். அங்கே உட்காரும் இடத்தை வீட்டின் கிழக்குப் பக்கம் வையுங்கள். வீடே வெயிலை மறைக்கும், மலையும் எதிரே இருக்கும்.

திண்ணை முழங்கால் உயரம், அதாவது ஒன்றரை அடி இருந்தால் வயதானவர்களும் எழுந்திருக்கலாம். அகலம் மூன்று அடிக்குக் குறைந்தால் படுக்க முடியாது. படுக்க முடியாத திண்ணை எனக்குத் திண்ணையே இல்லை. ஒரு முனையில் சாய்மானம் வைக்க மேஸ்திரியிடம் சொல்லுங்கள், வயதான மேஸ்திரியானால் சந்தோஷமாகவே செய்வார். மழைத்தண்ணீர் நிற்காதபடி வெளிப்பக்கம் லேசான வாட்டம். கூரை திண்ணையைத் தாண்டி ஒன்றரை அடியாவது வெளியே வர வேண்டும். மேல்தளத்துக்கு ரெட் ஆக்ஸைடு போதும். பளபள கிரானைட் வெயில் பட்டால் சுடும், மழையில் வழுக்கும். முக்கியமாக, எல்லாம் உங்கள் மனைக்குள்ளேயே. வடிகால் மேல் கட்டிவிட்டு, பிறகு மாநகராட்சி பொக்லைனோடு வந்தால் திண்ணைக் கலாசாரத்தை அழிக்கிறார்கள் என்று என்னிடம் வராதீர்கள்.

மாடிக்குப் படி வீட்டுக்குள்ளிருந்தே போகட்டும். வெளியே வைத்த படியில் இரவில் பெண்களும் பிள்ளைகளும் ஏறமாட்டார்கள், அப்புறம் மாடி தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும்தான். மேலே ஒரு குழாய், ஒரு பிளக் பாயிண்ட், பூச்சியை அதிகம் இழுக்காத மங்கலான மஞ்சள் விளக்கு. கைப்பிடிச் சுவரை ஒட்டி மேடை கட்ட ஆசைப்பட்டால் மேடையின் உயரத்தைச் சுவரிலும் கூட்டுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் ஏறி நிற்கும்போது சுவர் முட்டி அளவுக்குத்தான் இருக்கும். தளத்துக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ் சூட்டைக் குறைக்கும், ஆனால் வெளிச்சம் கண்ணைக் கூசும், ஈரத்தில் காலை வாரும். கிடைத்தால் தட்டோடு பதியுங்கள். காசு இல்லையா, பங்குனியில் ஒரு தரம் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தாலே அறையில் வித்தியாசம் தெரியும்.

தகர ஷீட் விஷயத்தில் மட்டும் நான் சமாதானத்துக்கு வரமாட்டேன். ஊரின் மாடிகளை எல்லாம் நீலமும் பச்சையுமாக மூடிக்கொண்டு வருகிறது. பகலில் அதன் கீழே நிற்க முடியாது. மழையில் பேச முடியாது. இரவில் வானம் தெரியாது. ஆடிக்காற்றுக்கு எப்போது பிய்ந்து யார் தலையில் விழும் என்றும் தெரியாது. நிழல் வேண்டுமென்றால் பங்குனியில் சவுக்குக் கம்பு நட்டு, மாடியின் ஒரு மூலையில் மட்டும் கீற்றுப் பந்தல் போடுங்கள். கார்த்திகைக்குள் பிரித்துவிடுங்கள், தீபத்துக்குப் பட்டாசு வெடிக்கும் ஊர் இது. வருடா வருடம் செலவுதான். ஆனால் எங்கள் மாவட்டத்தில் கிராமத்துக்குக் கிராமம் அக்னி வசந்த விழாவுக்குப் பந்தல் போடும் கைகள் இருக்கின்றன. பகலில் பாரதப் பிரசங்கமும் விடியவிடியக் கூத்துமாகக் கோடையை வெளியிலேயே கழிப்பவர்கள் இவர்கள். புரிசை கூத்தும் இந்த மாவட்டத்துச் சொத்துதான். பந்தல் போடத் தெரிந்தவரைத் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்காது.

தெருவோரம் ஒரு புங்கை நடுங்கள். மகிழமும் நடலாம், ஆனால் அது வளர்ந்து நிழல் கொடுப்பதற்குள் உங்கள் மகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

கடைசியாக உங்கள் என்ஜினியர். பிளானில் இதையெல்லாம் குறித்துக் கொடுத்தால் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “சார், ஏரியா வேஸ்ட்” என்பார். அப்போது சண்டை போடாமல் ஒரு கணக்குச் சொல்லுங்கள். நாலடி அகலம், பன்னிரண்டடி நீளம் என்றால் திண்ணைக்குப் போவது 48 சதுர அடி. அவர் உங்கள் மூன்றாவது படுக்கையறைக்குப் போட்டிருக்கும் அட்டாச்டு பாத்ரூம் எட்டுக்கு ஆறு, அதுவும் 48 சதுர அடி. அந்த அறையில் தங்கப்போகிறவர்கள் வருடத்தில் எத்தனை நாள் வருவார்கள் என்று அவரையே கேளுங்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, பதிலை அவர் யோசித்தே சொல்லட்டும்.

அன்புடன்,
தேரடி வீதிக்குப் பின்னால், திண்ணை இன்னும் இடிக்கப்படாத ஒரு வீட்டிலிருந்து